ஊசியும் நூலும்: நங்கையா கேட்ட படம்

சென்ற இதழில் கொடுத்த மயில் தலையணை உறையைப் பற்றி வந்த கடிதங்களுக்கு முதலில் நன்றி. மயிலின் கழுத்துக்கு நான் சொன்ன நீலம் கடையில் கிடைக்கவில்லை என்று பலர் குறைப்பட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த அடர்த்தியை வாங்கித் தைத்துவிடுங்கள், மயில் கோபித்துக்கொள்ளாது.

ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருந்தார்: "எங்கள் ஹால் சுவரில் 3 அடி நீளத்துக்கு மாட்ட ஓர் இயற்கைக் காட்சி வேண்டும். மலை, ஆறு, தென்னை மரம், சூரியன் எல்லாம் இருக்க வேண்டும். பார்த்தால் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கணும். ரொம்பக் கஷ்டமாக இருக்கக் கூடாது."

இந்தக் காட்சியை வரையாத பள்ளிக் குழந்தை உண்டா? இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே நெளிந்து வருகிற ஆறு, கரையிலே சாய்ந்த ஒரு தென்னை. நானும் எத்தனையோ தடவை தைத்திருக்கிறேன். மாதிரிப்படம் தரத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்பு, அதே காட்சியைத் தைத்து நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேனே.

1993ஆம் வருஷம். என் நங்கையா, அதாவது என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, சென்னிமலைப் பக்கம் தோட்டத்திலேயே புது வீடு கட்டிக் குடி போனார்கள். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டித் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்கள் தோட்டத்து வரப்பில் நின்றால் அணைத் தண்ணீர் தெரியும். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கிணற்றில் இறங்கி இறங்கி மண்ணை அள்ளியே ஓய்ந்து போன சனங்கள். அவர்களுக்கு அணை என்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். கரூர்ப் பக்கம் வரைக்கும் சேர்த்து 20,000 ஏக்கர் அளவுக்குப் பாயும் என்றார்கள். நங்கையா வீட்டுக் கிணற்றிலும் ஊற்று ஏறியது. "இனி நமக்கு என்ன குறை அம்மிணி, மஞ்சள் வெச்சுட்டேன், வாழை வெச்சுட்டேன்" என்று பூரித்துப் போனார்கள்.

புதுமனைக்கு என்ன கொண்டு போவது? நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து மூன்றரை அடி மேட்டித் துணியில் அந்த அணையையே தைத்தேன். தூரத்தில் சென்னிமலை, மேலே கோயில் கோபுரம். அணைத் தண்ணீருக்கு மட்டும் நான்கு விதமான நீலம், பதினோரு கட்டு நூல். கரையில் தென்னை, இரண்டு வெள்ளைக் கொக்கு. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து எடுத்துக்கொண்டு போனோம். வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். சம்பந்தி வீட்டம்மா ஒருவர், "இது அச்சடிச்சதா, கையிலே போட்டதா?" என்று கேட்டு என்னை உச்சி குளிர வைத்தார்.

பிறகு ஐந்து வருஷம் குடும்ப வேலை, பிள்ளைகள் படிப்பு. பொங்கலுக்கு அவர்கள்தான் கோவைக்கு வருவார்கள், நாங்கள் போகவில்லை. 1998இல் ஒரு விசேஷத்துக்குப் போனபோது ஹாலில் நுழைந்ததும் என் கண் அந்தச் சுவருக்குத்தான் போனது. ஆணி இருந்தது, படத்தைக் காணோம்! தேடினால், உள் அறையில் நெல் குதிருக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையால் தைத்ததைத் தூக்கிப் போட்டால் நம்மையே தூக்கிப் போட்ட மாதிரி. ஒன்றும் கேட்கவில்லை. முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டு, சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு, சாயந்தரம் கிளம்பிவிட்டேன். ஏழெட்டு மாசம் போனில்கூடச் சரியாகப் பேசவில்லை. இதெல்லாம் பத்திரிகையில் எழுதும்படியான பெருமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசியில் அவர்களே ஒருநாள் பேருந்து பிடித்து வந்துவிட்டார்கள். கையில் ஒரு தூக்குப் போசி. "முதல்ல இதைக் குடி அம்மிணி, அப்புறம் சண்டை போடலாம்" என்றார்கள். மோர் என்று நினைத்து வாயில் ஊற்றினேன். தண்ணீர்! ஒரு மடக்கு இறங்கவில்லை, துப்பிவிட்டேன். உப்பு என்றால் கடல் தண்ணீர் மாதிரிக் கரிக்கவில்லை. உப்பும் கசப்பும் கலந்து நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

"எங்க கிணத்துத் தண்ணிதான். பாத்தா எப்படி இருக்குது சொல்லு? பளிங்காட்டம் இல்லே? நீ தெச்ச படத்துல இருக்கற தண்ணியும் இப்படித்தான் நீலமா, அழகா இருக்குது. தினம் காலைல எந்திரிச்சு அதைப் பாக்க முடியலை கண்ணு. வவுறு எரியுது. அதுக்குத்தான் திருப்பி வெச்சேன்."

எங்கள் பக்கத்தில் சப்பைத் தண்ணீர்க் கிணறு முன்பும் உண்டுதான். ஆனால் நல்ல தண்ணீர்க் கிணறு நாலே வருஷத்தில் இப்படிப் போனது யாரும் கண்டதில்லை.

என்ன நடந்தது என்று பிற்பாடு நிறையப் படித்தேன். நாம் தையல்காரிகள், நூலும் சாயமும் நம் சமாசாரம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. நீளம் 180 கிலோமீட்டருக்குள்தான். இந்த ஆற்றங்கரையில்தான் திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். பருத்திக்கும் சாயத்துக்கும் தண்ணீருக்குள் ஒன்றை ஒன்று தள்ளி விலக்குகிற குணம் உண்டு. உப்பைப் போட்டால் அந்த விலகல் அடங்கி, சாயம் துணியில் போய் உட்காரும். பிறகு சோடா உப்புச் சேர்த்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்புப் போதும். கருநீலம், கறுப்பு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், 80 கிராம் என்றுகூடப் போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது! சாயம் துணியோடு வந்துவிடும். உப்பு வராது. போட்ட உப்பு முழுவதும் அலசுகிற தண்ணீரோடு வெளியே போகும்.

அது ஆற்றுக்குப் போயிற்று, ஆறு அணைக்குப் போயிற்று. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டியாகிவிட்டது. நங்கையா வீட்டுக் கிணற்றில் ஏறியது எந்த ஊற்று என்று இப்போது புரிகிறதல்லவா? தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஆற்றில் சிவப்பும் ஊதாவும் ஓடினால் எல்லாருக்கும் தெரியும், சத்தம் போடுவார்கள். 1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் மற்றதும் போட்டு நிறத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். ஆனால் கரைந்திருக்கிற உப்பு அந்த முறையில் படியாது. நிறம் போனது, உப்பு அப்படியே இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஆறு தேவலையாகிவிட்டது!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரில் இருந்த 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நங்கையா சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அவர்களுடைய சின்ன மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் வேலை. மஞ்சளும் வாழையும் போன பிறகு வேறே என்ன செய்வான்? துணிக்குச் சாயம் இல்லாமல் கம்பெனியில் வேலை இல்லை. மூன்று மாசம் வீட்டில் இருந்தான். "தோட்டம் போனதுக்கு அழுததும் நாந்தான், பட்டறையை மூடினதுக்கு அழுததும் நாந்தான்" என்பார்கள். நாமும்தான் என்ன? பிள்ளைகளுக்குப் போடுகிற பனியனும் ஜட்டியும், வீட்டில் நாம் உடுத்துகிற நைட்டியும் எங்கிருந்து வருகின்றன? கருநீலம்தான் அழுக்குத் தெரியாது என்று தேடித் தேடி வாங்குகிறவள் நான்.

பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், தண்ணீரை நுண்ணிய சவ்வுகளின் வழியாக அழுத்தி வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து, இரண்டையும் மறுபடி உபயோகிக்கிற முறைக்கு மாறிய பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலவு பிடிக்கிற காரியம், ஆனாலும் செய்கிறார்கள். நல்லதைச் சொல்ல வேண்டுமில்லையா? மழைக்காலத்தில் ஆற்றில் நுரை ஓடுகிற செய்தியும் இன்னும் வரத்தான் செய்கிறது. நிலத்துக்குள் முன்பே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

சரி, இதற்கும் கைத்தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

போன வருஷம் என் மகள் போனில் ஒரு கண்காட்சியின் படங்களைக் காட்டினாள். பார்த்தால் கடலுக்கடியில் பவளப் பாறை. அத்தனையும் குரோஷா! மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்று இரட்டைச் சகோதரிகள், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். அந்த ஊர்ப் பவளப் பாறைகள் வெளுத்துச் சாவதைக் கேட்டு மனம் பொறுக்காமல், 2005இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் தங்கள் வீட்டிலேயே கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். சுற்றுக்குச் சுற்று ஒரே கணக்கில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னல் படுத்துக்கொள்ளாமல் கோழிக் கொண்டை மாதிரிச் சுருண்டு எழும்புகிறது. (நாம் வட்ட மேஜை விரிப்புப் போடும்போது கணக்குத் தப்பினால் இப்படி ஆகிவிட்டதே என்று பிரிப்போமே, அதேதான்!) அந்தச் சுருளுக்குள் பெரிய கணிதம் இருக்கிறது என்று 1997இல் டைனா தைமிணா என்ற கணித ஆசிரியை குரோஷாவிலேயே போட்டுக் காட்டியிருந்தாராம். அதைத்தான் சகோதரிகள் பவளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். 2022இல் ஜெர்மனியில் பாடன் பாடன் என்ற ஊரில் ஏறக்குறைய 4,000 பேர் பின்னி அனுப்பிய 40,000 பவளங்களை ஒன்றாக வைத்தார்களாம். அடேயப்பா!

என்னை நிறுத்தியது வேறு ஒன்று. கம்பளி நூலில் போட்ட பவளங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பைகளை நாடாவாக வெட்டிப் பின்னிய ஒரு பாறையும் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் அதுவும் பிரமாதமாகத்தான் இருக்கிறது. கிட்டே போனால்தான் பை என்று தெரிகிறது. அதோடு, 2007இலிருந்து 4 வருஷம் தங்கள் வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையை வெளியே போடாமல் சேர்த்து வைத்து, அதையும் காட்சிக்கு வைத்தார்களாம். நம் வீட்டுக் குப்பையை நாலு வருஷம் சேர்த்தால் நாம் தெருவில்தான் படுக்க வேண்டும்.

இதை நங்கையாவுக்கும் காட்டினேன். வயசு எண்பதைத் தாண்டியாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப இருக்கறதை இருக்கற மாதிரியும் தெக்கலாமாட்ட இருக்குது. என்ற படத்தை மறுபடி தெச்சுக் குடு அம்மிணி. இப்ப உள்ளபடி" என்றார்கள்.

வாய்ச்சொல்லுக்குச் சரி என்றுவிட்டேன். உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரிகிறது. தோட்டத்துக்குப் போய் வரப்பில் நின்று பார்த்தேன். பேருந்தில் போகிறவர் யாரும் "என்ன பச்சை!" என்றுதான் சொல்வார்கள். நானும் பச்சை நூல்களை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நங்கையா சிரித்தார்கள். "அந்தப் பச்சை எல்லாம் வேலிக்காத்தான். வெள்ளாமைப் பச்சை ஒண்ணுகூட இல்லை." உண்மைதான். வேலிக்காத்தான் முள் உப்பு மண்ணைத் தாங்கி வளரும். தென்னையும் ஓரளவு தாங்கும். மரம் நிற்கிறது, மட்டை பச்சையாகத்தான் இருக்கிறது. காய் மட்டும் கை அளவுக்குச் சிறுத்துப் போயிற்று. கோவைப் பக்கம் குளங்களில் ஊதாப் பூவோடு கம்பளம் விரித்த மாதிரி இருக்கிற ஆகாயத் தாமரையும் அப்படித்தான். சாக்கடையின் சத்தில் கொழுக்கிற செடி அது. நான் எத்தனை தடவை பேருந்தில் மகளிடம் "பூவைப் பாரு, பூவைப் பாரு" என்று காட்டியிருக்கிறேன்!

அழகாக இருப்பதையெல்லாம் தைத்தால் பழைய படமே வரும். கறுப்பும் சேறுமாகத் தைத்தால் பொய் ஆகும், அங்கே கறுப்பு எதுவும் இல்லையே! கண்ணுக்குத் தெரியாத உப்பை எந்த நூலால் தைப்பது? பத்து நாள் ஊசியைத் தொடவில்லை. பதினோராம் நாள் என் வீட்டுத் துணி துவைக்கிற கல்லில் காய்ந்த வெள்ளைத் திட்டைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. உப்பை நூலால் தைப்பானேன்? உப்பாலேயே தைத்துவிட்டால்?

இனி செய்முறை. விருப்பமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

துணி: சென்னிமலைக் கைத்தறிக் கருநீலத் துணி, ஒன்றரை கஜம். சாயம் போகுமா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். என்னுடையது போயிற்று. மூன்று தண்ணீர் அலசிய பிறகுதான் நின்றது. அலசின தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மலைக்குக் காம்புத் தையல், சாம்பல் நிறத்தில் இரட்டை இழை. கோபுரத்துக்குப் பழைய ஜரிகைப் புடவைக் கரையிலிருந்து உருவிய இழை. தென்னைக்கு மீன்முள் தையல். மட்டையைத் தாராளமாகப் போட்டு, காயை மட்டும் ஒற்றை இழையில் சின்னஞ்சிறு முடிச்சாகப் போடுங்கள். வேலிக்காத்தானுக்கு விதை தூவின மாதிரிக் குட்டிக் குட்டித் தையல், மஞ்சள் கலந்த பச்சையில். சட்டத்தில் பாதியை அது அடைத்துக்கொள்ளும், பரவாயில்லை. ஆற்றுக்குத் துணியின் விளிம்பிலேயே உருவிய கருநீல நூலால் ஓட்டுத் தையல். நீலத்தின் மேல் நீலம், சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆற்றின் தலைப்பில், பேரூர்ப் படித்துறைக்கு என்று ஏழு கூழாங்கல் முடிச்சுகள். ஆடிப் பதினெட்டுக்கு நான் சின்ன வயசில் கன்னிமார் வைத்துக் கும்பிட்ட இடம், விட மனசு வரவில்லை.

அணைத் தண்ணீருக்கு ஊசியே கிடையாது. அந்த இடத்தை வெறுமனே விட்டு, சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி இழுத்துவிட்டேன், ஈரம் மற்ற இடத்துக்குப் பரவாமல் இருக்க. அகலமான பாத்திரத்தின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, நங்கையா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கரண்டியால் விட்டு, வெயிலில் காய வைத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. சித்திரை மாசம் முழுவதும் ஊற்றினேன். ஈரம் காய்ந்து ஒதுங்கும்போது உப்பும் ஓரத்துக்கு ஒதுங்குவதால், வளையம் வளையமாக, நிஜமாகவே அலை மாதிரி வந்தது. நான் தைத்த அலையைவிட அழகு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஈர உப்புத் துணியில் ஊசியைக் குத்தி வைக்காதீர்கள், ஒரே ராத்திரியில் துருவேறிக் கறை பிடிக்கும். தையல் வேலை முழுவதையும் முடித்துக்கொண்டு கடைசியில் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு இஸ்திரி, துவையல் எதுவும் கூடாது. நனைந்தால் அணை கரைந்துவிடும்.

ஆரோக்கியப் பக்கம் எழுதுகிற அம்மா கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் இங்கே ஒரு வார்த்தை. இளம் தாய்மார்கள் சிலர் உப்புத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். உப்புப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயத்தில் வைத்திருக்கிறார்கள். நங்கையா வீட்டுக் கிணற்றில் இன்றைக்கும் 3,000க்கு மேல் காட்டுகிறது. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேக அடம் பிடிக்கிறது, பாத்திரத்தில் வெள்ளைப் படிகிறது என்றால், தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வைகாசியில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நங்கையா விரலால் அணையைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். "இது என்ற கிணறேதான்" என்றார்கள். பேரனைக் கூப்பிட்டு அந்தப் பழைய ஆணியிலேயே மாட்டச் சொன்னார்கள். குதிருக்குப் பின்னால் இருந்த பழைய படத்தையும் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். நான் சங்கோசப்பட்டேன். "இருக்கட்டும் கண்ணு. அதுவும் இருந்துச்சுதானே" என்றார்கள்.

ஐப்பசி மழையின்போது ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "அம்மிணி, அணையைக் காணோம்!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தைத்தான் சொல்கிறார்கள். மழைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பு துணிக்குள் இறங்கிவிட்டது, வெறும் கருநீலம்தான் தெரிகிறதாம். தையில் வெயில் ஏறினதும் பழையபடி பூத்து வந்துவிட்டது என்று மறுபடி போன் செய்தார்கள். வருஷா வருஷம் இனி இப்படித்தான் போலிருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: எதிர்ப்பக்கத்தில் மலை, ஆறு, தென்னை, சூரியன் எல்லாம் வைத்து 36 அங்குலத்துக்கு மாதிரி கொடுத்திருக்கிறேன். கார்பன் காகிதம் வைத்துப் பதித்துக்கொள்ளலாம். ஆற்றுக்கு மட்டும் நூல் எண் குறிக்கவில்லை. உங்கள் ஊர் ஆறு எது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நிறம் சொல்லி அனுப்புகிறேன். அடுத்த இதழில் மிஞ்சின நூல்களில் நிலைவாசல் தோரணம். மஞ்சள், பச்சைத் துண்டுகளை எறியாமல் எடுத்து வையுங்கள்.